எழுபத்தெட்டே கால்

உப்புவெளியில் ஹொட்டல் ஒன்றை இழுத்து மூடியபோது
பியர் பீப்பா ஒன்று இரும்பு விலைக்குக் கிடைத்தது.
குழாய் துறைமுகத்துக் குளிரறையில் கழற்றியது.
இருபது வருசம் சூரை மீனுக்குக் குளிர் சுமந்த செம்பு,
பற்றுவைக்க நெருப்புக் காட்டியதும் மெல்ல மணத்தது.
வினாகிரி விட்டு இரண்டு தரம் கொதிக்கவைத்தேன்.

"கசிப்புக்கோ?" என்றாள் மெற்றில்டா.
"இல்லை. இதுக்கு மணம் இராது. ருசியும் இராது."
"அப்ப என்னத்துக்கு?"
விடை என்னிடம் இருக்கவில்லை.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
ஒரு மீற்றர் இருபது உயரத்துக்கு
ஒரு படம் மட்டும் இருந்தது.
மதுவரிக்காரர் வந்தால் தென்னஞ்சாறு காய்ச்சுகிறோம் என்பாளாம்.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அனுராதபுரச் சந்திக் கடையில்
சட்டி தேய்க்கிற செம்புச் சுருள் அத்தனையும் வாங்கினேன்.
"வீட்டில கலியாணமோ?" என்றார் கடைக்காரர்.
எல்லாவற்றையும் குழாய்க்குள் அடைத்தேன்,
இறுக்கியும் இறுக்காமலும்.

கன்னியாவில் ஏழு கிணறு. கைக்கெட்டும் தூரத்தில்
ஒன்றின் சூடு மற்றதுக்கு இல்லை.
இந்தக் குழாயிலும் சாணுக்கொரு கிணறு இருக்கிறது,
நிமிர்த்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூதூரிலிருந்து வந்த, உருகிப்போன பனங்கட்டி
ஒன்பது நாள் நுரைத்து அடங்கியிருந்தது.
குழாய்த் தண்ணீர் பத்து மணிக்கு நின்றுவிடும்.
மீன்வாடி ஐஸ் இரண்டு பெட்டி,
மீன்தொட்டி மோட்டர் ஒன்று,
அடுப்பு.

முதல் ஒரு மணித்தியாலம் ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது.
ஏறியதெல்லாம் உச்சியில் குளிர்ந்து திரும்பி விழவேண்டும்.
விழுவது ஏறுவதோடு முட்டும்.
முட்டியதில் பாரமானது இன்னும் கீழே போகும்,
இலேசானது இன்னும் மேலே.
எண்பத்தைந்தில் வள்ளம் ஏறி, எண்பத்தேழில் திரும்பி,
தொண்ணூறில் மறுபடி ஏறி, மண்டபத்தில் பதிந்து,
பதிவை வெட்டி,
நான் ஒன்றும் யோசிக்கவில்லை.
வெப்பமானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தெட்டே கால்.
ஊசி அங்கே நின்றது, ஆணி அடித்ததுபோல.

முதல் கோப்பையில் நகப்பூச்சு நாற்றம்.
துருப்பிடித்த நட்டுகளின் மேல் ஊற்றினேன்.
பிறகு வந்ததைப் போத்தலில் பிடித்தேன்.
தடவிப் பார்த்தால் விரல் குளிர்ந்தது,
விரல் மட்டும் மிஞ்சியது.

யோகநாயகத்துக்கு ஆள் அனுப்பினேன்.
தொண்ணூற்றெட்டில் கலப்படக் கசிப்பில் கண் போனவன்.
அவனுடைய மூக்கை ஏமாற்ற ஊரில் ஆளில்லை.
மகனின் ஓட்டோவில் வந்திறங்கினான்.
வாசலில் நின்ற மான் விலகவில்லை,
அதன் முதுகைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தான்.

பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நீட்டினேன்.
நெடுநேரம் முகர்ந்தான்.
நாக்கு நுனியில் ஒரு சொட்டு.
"எரியுது," என்றான். "வேற ஒண்டுமில்லை."
"அதுதானே வேணும்!" எனக்குப் பூரிப்பு.
அவன் தலையை ஆட்டினான்,
ஆமென்றும் இல்லையென்றும் எடுக்கலாம்.

கை மேசையில் துழாவிப் போய்
கடைசியாய் வடிந்த கலங்கல் போத்தலைத் தொட்டது.
காலையில் கொட்ட வைத்திருந்தது.
தேய்த்த நாய் மணம், ஈரக் கடதாசி,
அடிப்பிடித்த ஏதோ.
மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டான்.
விட்ட மூக்கை எடுக்கவில்லை.

"இதில ஆள் இருக்கு," என்றான்.
"பனங்கட்டி. அடுப்பு. உன்ர குளிரறை மீன்கூட இருக்கு.
இதையோ கொட்டப்போறாய்?"

ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது.
மோட்டர் வெறும் காற்றை இழுத்துக் கத்தியது.
நிற்பாட்டுவதற்கு நான் எழும்பவில்லை.
மெற்றில்டாதான் போய் நிற்பாட்டினாள்.